பண்டாரவளையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு

சென்ற தவணையில் ஒரு நாள், ஆசிரியர் ஒருவர் விடுமுறையில் இருந்தமையால், எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புவியியல் பாடத்தை அதிபராகிய நானே நடத்த நேர்ந்தது. இலண்டன் மாநகரில் காலை உணவை முடித்துக்கொண்டு புகையிரதத்தில் ஏறும் ஒருவர், ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ் மாநகரில் இறங்கிவிடலாம் என்று சொன்னேன். இடையிலுள்ள கடலை அவர் கண்ணாற் காண்பதேயில்லை. கடலடியிற் குடைந்த சுரங்கத்தின் வழியே வண்டி சென்றுவிடுகிறது என்றும் விளக்கினேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், எங்க அப்பாயியோட அக்கா பண்டாரவளையில கோச்சி ஏறித் திருச்சிக்குப் போனாங்களாம். நடுவுல கடல் இருக்கே, அந்தக் கோச்சி எப்படிப் போனிச்சு?"

வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. ஆனால் வினா சிரிப்புக்குரியதன்று. எங்கள் பூனாகலையில் அந்தப் பிரயாணத்தோடு தொடர்பற்ற குடும்பம் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயம். அவ்வாறிருந்தும், அஃது எவ்வாறு நடைபெற்றதென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுடைய பெற்றோரிற் பலருக்கும் தெரியாது. மணி அடித்துவிட்டபடியால் அன்று அரைகுறையாகக் கூறியதை இங்கே சற்று விரிவாகக் கூறலாமென எண்ணுகிறேன்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலே துறைமுகத்துக்கும் இடையே கடல் சுமார் 21 மைல் அகலமுடையது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சென்ற தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. அங்கே 1994ஆம் ஆண்டிலேதான் சுரங்கப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இலண்டன் வாசியும் நம்மவரைப் போலவே புகையிரதத்தை விட்டிறங்கிக் கப்பலேறி, அக்கரையில் வேறு புகையிரதம் பிடித்தார். 1936 முதல் 1980 வரை அங்கு ஓர் இரவுச் சேவை நடைபெற்றது. உறங்கும் பிரயாணிகளுடன் பெட்டிகளையே கப்பலினுள் தள்ளி ஏற்றி, மறுகரையில் தண்டவாளத்தில் இறக்கிவிடுவார்கள். நம்முடைய கடலில் அவ்வித வசதி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பயன்பட்டிராது. இலங்கையின் இருப்புப்பாதை ஐந்தரை அடி அகலமுள்ளது. அக்கரையில் இராமேசுவரம் தீவுக்குச் சென்ற பாதையோ மீற்றர் அகலமே உடையது. இப்பெட்டி அப்பாதையிற் பொருந்தாது. ஆகவே கோச்சி கடலைக் கடக்கவில்லை, மனிதர் கடந்தார்கள் என்பதே அந்த மாணவிக்கு நான் கூறவேண்டிய முதல் விடை.

மனிதர் கடந்த வரலாறு புகையிரதத்துக்கும் முந்தியது. கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவிய காலத்தில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து வந்தோர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். நீரில்லாத காடு, வாந்திபேதியும் காய்ச்சலும் வழித்துணை. வழியிலேயே விழுந்தோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக்கப்பல் வழி முக்கியமாயிற்று. அக்காலத்தில், 1900களின் தொடக்கத்தில், தகர வில்லை என்றொரு முறை வந்தது. தொழிலாளி செல்லவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகரத் துண்டைக் கழுத்திலே கட்டிவிடுவார்கள். அதுவே அவருடைய சீட்டு, அதுவே அவருடைய முகவரி. கட்டணம் தோட்டத்தின் பற்றில் எழுதப்பட்டது. இன்று விமான நிலையத்தில் நம் பெட்டிகளுக்குக் கட்டும் அட்டையைக் காணுந்தோறும் எனக்கு அந்தத் தகர வில்லையே நினைவுக்கு வருகிறது.

1914ஆம் ஆண்டிலே வழி ஒழுங்காயிற்று. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 145 கண்களையும், கப்பல் வந்தால் இருபுறமும் மேலே விரியும் நடுப்பகுதியையும் கொண்ட அப்பாலத்தின் மீது புகையிரதம் இராமேசுவரம் தீவைக் கடந்து தனுஷ்கோடி முனைவரை சென்றது. இப்பக்கத்திலே மதவாச்சிச் சந்தியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார்த் துறை வரை இருப்புப்பாதை போடப்பட்டது. இரு முனைகளையும் இணைக்க மார்ச் மாதத்திலிருந்து கப்பல் ஓடிற்று. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டைக் கொண்டு கொழும்புக் கோட்டை நிலையம் வரை வரலாம் என்பது அந்நாளிற் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. 'போட் மெயில்' என்ற பெயரால் அது வழங்கிற்று. கப்பல்களில் 'இர்வின்', 'கோஷன்' என்ற இரண்டின் பெயர்களை எங்கள் பாட்டனார் தலைமுறையினர் உறவினர் பெயர்களைப் போலச் சொல்வார்கள்.

இனி, ஊவா மலையிலிருந்து ஒருவர் எவ்வாறு சென்றார் என்பதைக் காண்போம். பூனாகலைக்குப் புகையிரதம் வருவதில்லை. முதலில் மலைச்சரிவைச் சுற்றிச் செல்லும் பாதையில் பண்டாரவளைக்குப் போகவேண்டும். அங்கே 1894ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. பதுளைக்கு அது 1924இலேதான் சென்றடைந்தது. பண்டாரவளையில் ஏறினால் வண்டி இறங்காது, மேலும் ஏறும். தியத்தலாவை, அப்புத்தளை, இதல்கசின்ன, ஒகிய என்று ஏறி, 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொலையை அடைந்த பின்னரே இறக்கம். கடலை நோக்கிப் புறப்பட்டவர் முதலில் நாட்டின் மிக உயர்ந்த நிலையத்துக்குப் போய்விட்டே இறங்கவேண்டியிருந்தது! பின்பு நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன். இந்நிலையங்களிலே வேறு தோட்டங்களின் மக்கள் மூட்டைகளோடு ஏறுவார்கள். நாவலப்பிட்டி, கம்பளை, கடுகண்ணாவைக் கணவாய் இவற்றைக் கடந்து பொல்காவலையில் இறங்கவேண்டும்.

பொல்காவலை என்ற பெயரை மலையகத்து மூதாட்டிகள் ஒரு பெருமூச்சோடுதான் உச்சரிப்பார்கள். வடக்கே செல்லும் பாதை பிரிகின்ற சந்தி அது. காலையில் மலையிலிருந்து புறப்பட்டோர் அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து வரும் இரவு வண்டிக்காக மேடையிலே காத்துக் கிடப்பார்கள். மலைக் குளிருக்குப் போர்த்திவந்த கம்பளியைக் கழற்றிப் பிள்ளைகளுக்கு விரிப்பாகப் போடும் இடமும் அதுவே. இரவு வண்டி குருநாகல், மாகோ, அனுராதபுரம் வழியாக மதவாச்சியை அடைந்து, மன்னார்ப் பாதையில் திரும்பி, மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை ஆகிய இடங்களைத் தாண்டி விடியற்காலையில் தலைமன்னார்த் துறையில் நிற்கும். தேயிலை மலையையே உலகமாகக் கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, பனைமரமும் வெண்மணலும் அவற்றுக்கப்பால் நீலக் கடலும் அன்றே முதற்காட்சி.

தலைமன்னாரிலே சுங்கச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் முடிந்து கப்பலேறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுகரை. மறுகரையில் மீற்றர்ப் பாதை வண்டி. பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபம், இராமநாதபுரம், மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிராப்பள்ளி. தொடக்க காலத்தில் இவ்வண்டி மதுரை வழியாகச் சென்றது; மானாமதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் நேர்ப்பாதை போடப்பட்ட பின்னரே இவ்வழி சுருங்கிற்று.

எதிர்த்திசையில் வருவோருக்கு ஒரு தடை இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கத்தார் நடத்திய மண்டபம் முகாம் அது. தோட்ட வேலைக்கு வருவோரை நோய்த்தடுப்பின் பொருட்டு அங்கே சில நாட்கள் தங்கவைத்து, அம்மை குத்தி, உடைகளை நீராவியில் அவித்த பின்னரே கப்பலேற்றினார்கள். அதே முகாம் பிற்காலத்தில் எதிர்த்திசையிலிருந்து சென்ற நம் மக்களை வரவேற்கும் இடமாயிற்று என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். பாட்டனார் மருத்துவச் சோதனைக்கு நின்ற அதே திடலில் பேரன் குடும்ப அட்டை வாங்குவதற்கு நின்றான்.

இவ்வழியைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. நெடுங்காலம் இது போய்வரும் வழியாக இருந்தது. ஆடித் திருவிழாவுக்குப் போவார்கள். பெண் பார்க்கப் போவார்கள். குலதெய்வத்துக்கு மொட்டையடிக்கப் போவார்கள். மூன்று மாதங் கழித்துத் திரும்புவார்கள். ஒரே குடும்பத்தின் ஒரு கால் இக்கரையிலும் மறு கால் அக்கரையிலும் இருந்தது; இடையே ஓர் இரவுப் பிரயாணம். 1939ஆம் ஆண்டிலே தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரிலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இலே முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்தப் பழைய வழி ஒருவழிப் பாதையாயிற்று. சீட்டு வாங்கினால் திரும்பும் சீட்டு இல்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன் இயற்கையும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த வண்டியைக் கடல் பயணிகளோடு விழுங்கிற்று. பாம்பன் பாலத்தின் பல கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியியலாளராயிருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் அதைச் சீராக்கினார். தனுஷ்கோடி மட்டும் மீளவில்லை. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. ஒப்பந்தத்தின்படி போனோர் அனைவரும் அவ்வழியே போனார்கள். பிற்காலத்தில் அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலுக்குக் கணித மேதை 'இராமானுஜம்' அவர்களின் பெயர்.

1981ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. என் பெரியம்மாவின் குடும்பம் புறப்பட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டு வந்து, தோட்டத்தில் சேமலாப நிதிக் கணக்கு முடிந்து, நாள் குறித்தாயிற்று. பண்டாரவளை நிலையத்துக்கு லயத்து மக்கள் எல்லோரும் வந்திருந்தோம். பெரியம்மா அம்மிக்கல்லைச் சாக்கிற் கட்டி எடுத்துவந்திருந்தார். அக்கரையில் அம்மி கிடைக்காதா என்று என் தந்தையார் கேட்டதற்கு, "கிடைக்கும் தம்பி, ஆனா இது எங்க அம்மா அரைச்சது" என்றார். வண்டி நகரத் தொடங்கியதும் எழுந்த அழுகை, வீட்டில் இழவு விழுந்தால் எழும் அழுகையேதான். சன்னலுக்கு வெளியே நீண்ட கைகளும், அவற்றைப் பற்றிக்கொண்டு மேடை முடியும் வரை ஓடியவர்களுமாக அந்தக் காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. மலையகத்தார் அந்தப் புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டது அணியலங்காரத்துக்காக அன்று.

என் மாமாவும் கடவுச்சீட்டு எடுத்திருந்தார். பெரியம்மாவுக்கு நேரிளையவர். முறை வரும்போது போய்விடலாம் என்று, வாங்கிய தகரப் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் நாட்டின் நிலை மோசமாயிற்று. 1984இலே கப்பற் சேவை நின்றது. பின்னர் போரினால் தலைமன்னார்ப் பாதையின் தண்டவாளமே இல்லாதொழிந்தது. அதுகாறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அங்கும் இங்கும் பிறந்த பிள்ளைகள் உட்பட, கடல் கடந்திருந்தனர். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின்றி நின்றவர் பல்லாயிரவர். இந்தியப் பிரசை என்று எழுதப்பட்ட தாள் கையில். கால் நிற்பதோ பூனாகலைத் தேயிலையில். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் வரை என் மாமா சட்டப்படி அந்நியராகவே கொழுந்து நிறுத்தும் இடத்தில் வேலை பார்த்தார். தகரப் பெட்டியில் பின்னர் அரிசி வைத்தார்கள். அக்காளைத் தம்பி மறுபடி காணவில்லை. ஒரு கப்பலின் நேர அட்டவணை எவ்வளவு தூரம் ஒருவரின் வாழ்வில் நுழையக்கூடும் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இன்று திருச்சிராப்பள்ளிக்குப் போக விரும்புவோருக்கு என்ன வழி? பெரும்பாலோர் பண்டாரவளையிலிருந்து புகையிரதத்திலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போய்க் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறார்கள். விமானம் பறப்பது ஒரு மணி நேரமளவே. பண்டாரவளையிலிருந்து கொழும்பை அடைவதற்கோ பகல் முழுவதும் கழியும். புகையிரதத்தை நம்புவோர் ஒன்றை மறக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதையைப் பல இடங்களிற் சிதைத்துவிட்டது. ஆகையால் எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறதென்று முன்கூட்டியே கேட்டறிந்து புறப்படுவதே முறை.

கடல்வழியும் முற்றாக மூடியிருக்கவில்லை. 2011ஆம் ஆண்டிலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சில மாதங்கள் ஒரு கப்பல் ஓடி நின்றது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களிலே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அந்தத் தூரம் சுமார் 60 கடல் மைல். பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவதுமுண்டு. ஊவாவிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்வது தனியொரு பெரும் பிரயாணம். நம்மவர்க்கு அண்மையான வழி தலைமன்னார் வழியே. தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் இருப்புப்பாதை மீண்டும் திறக்கப்பட்டது. பாம்பனில் பழைய பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, நடுப்பகுதி நேராக மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்பிரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அக்கரைப் பாதையும் இப்போது ஐந்தரை அடி அகலமாகிவிட்டது. இரு கரைகளிலும் ஒரே அளவான தண்டவாளம். நடுவிலே இருபது மைல் நீர். இலண்டனும் பாரிஸும் பெற்ற சுரங்கத்தை நாம் கேட்கவில்லை. 1914இலே ஓடியதைப் போன்ற ஒரு கப்பல் போதும்.

நான் 2012ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பெரியம்மாவைப் பார்க்கச் சென்றேன். அவர் நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே, தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருந்தார். திருச்சிராப்பள்ளியில் இறங்கி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போனேன். மலையேறிய பஸ்ஸின் சன்னல் வழியே கண்ட தேயிலைச் சரிவு பூனாகலையே என்று ஒரு கணம் தோன்றியது. பெரியம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்து என்னை அறிந்துகொண்டார். அம்மிக்கல் வாசலிலே கிடந்தது. விமானத்தில் வந்தேன் என்று நான் சொன்னதை அவர் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. "ராத்திரி பொல்காவலையில ரொம்ப நேரம் நின்னியாப்பா? கோச்சி நேரத்துக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது, பெரியம்மா, என்றேன்.